840 டொலர் கொடுத்தேன், நான்கில் இரண்டு வின்டர் டயரே இல்லை

கோபத்தோடுதான் எழுதுகிறேன், அங்கங்கே பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். மொன்றியலில் கார் ஓடுகிற நம் ஆட்கள், முக்கியமாக இந்த வருடம்தான் முதல் குளிரைப் பார்க்கப்போகிறவர்கள், இதை வாசித்துவிட்டு டயர் மாற்றப் போங்கள். எனக்கு 840 டொலர் போய்விட்டது. நல்ல டயரை எப்படிப் பார்த்து எடுப்பது என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன். முதலில் நடந்ததைக் கேளுங்கள்.

மொன்றியல் இருக்கிற கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை வின்டர் டயர், அதாவது பனிக்காலத்துக்கென்றே செய்த டயர், கட்டாயம். 2008 இல் வந்த சட்டம். முன்பு டிசம்பர் 15 இல் தொடங்கியது, 2019 இல் இரண்டு கிழமை முன்னுக்கு இழுத்தார்கள். பிடிபட்டால் 200 முதல் 300 டொலர் வரை அபராதம், மேலதிகச் செலவு வேறு. அதனால் நவம்பர் கடைசியில் ஊரே கராஜ் வாசலில் நிற்கும். பெரிய கடைகளில் அப்பொயின்ட்மென்ட் கிடைக்காது. நான் போனது மாதிரியான சின்ன இடங்கள் பிழைப்பதே அந்த அவசரத்தில்தான்.

நான் போனது ஒரு சின்ன டயர் கராஜ். விஷயம் வழக்கு வரை போகலாம், அதனால் பெயர் எழுதவில்லை. நம் ஆட்கள் நடத்துகிற இடம் என்பதை மட்டும் சொல்கிறேன், வயிற்றெரிச்சலே அதுதான். உள்ளே போனதும் அங்கே நின்ற தம்பி எந்த ஊர் என்று கேட்டான். சொன்னேன். அவனுடைய அம்மாவின் ஊர் பக்கத்து ஊராம். உடனே பிளேன்டீ வந்தது, இருக்கக் கதிரை வந்தது.

“புது டயர்தான் அண்ணை. போன வருச ஸ்டொக், அதுதான் விலை குறைவு. உங்களுக்கு நான் கூடாத சாமான் தருவனோ?” என்றான். ஒரு டயரை உருட்டிக்கொண்டு வந்து, பெருவிரலால் அமர்த்தி, எவ்வளவு மெத்து பாருங்கோ என்று காட்டினான். பக்கச் சுவரில் மலையும் பனிப்பூவும் போட்ட அடையாளத்தையும் அவனே தொட்டுக் காட்டினான். நாலும் ஒரே மாதிரியோ என்று கேட்டேன். “நாலும் ஒண்டுதான் அண்ணை.” எல்லாம் கறுகறுவென்று மினுங்கின. மினுக்கும் திரவம் பூசினால் எந்தப் பழைய டயரும் அப்படித்தான் மினுங்கும் என்று இப்போது தெரிகிறது. நான்கு டயர், பொருத்துகூலி, பலன்சிங் எல்லாம் சேர்த்து 840 டொலர். கார்ட் மெசின் வேலை செய்யவில்லை என்றான். வங்கியிலிருந்து இ-ட்ரான்ஸ்ஃபர் போட்டேன்.

முதல் பெரிய ஸ்னோ கொட்டிய அன்று நெடுஞ்சாலை 40 இலிருந்து இறங்கும் வளைவில் காரின் பின்பக்கம் அப்படியே வெளியே இழுத்துக்கொண்டு போனது. மனைவியும் மகளும் உள்ளே. மெதுவாகத்தான் வந்தேன், பிரேக்கைக்கூடத் தொடவில்லை. பக்கத்தில் குவித்திருந்த பனியில் போய் முட்டி நின்றோம். ஒருவருக்கும் ஒன்றும் இல்லை, பம்பரில் கீறல் மட்டும்.

அடுத்த நாள் வேறொரு கராஜில் ஒரு வயதான மெக்கானிக்கிடம் காட்டினேன். காரைத் தூக்கினார், டோர்ச் அடித்தார், ஒன்றும் பேசாமல் விரலால் காட்டினார். முன் சில்லு இரண்டிலும் மலை அடையாளம் இருந்தது. பின் சில்லு இரண்டிலும் எம் பிளஸ் எஸ் (M+S, சேறும் பனியும்) என்ற எழுத்து மட்டும். அது எல்லாக் காலத்துக்கும் போடுகிற சாதாரண ஆல் சீசன் டயர். அந்த எழுத்து, டயரில் ரோட்டைத் தொடுகிற மேற்பட்டையின் வடிவத்தைப் பற்றிக் கம்பெனி தானே போட்டுக்கொள்வது, அதற்குச் சோதனை எதுவும் தேவையில்லை. மலையும் பனிப்பூவும் போடவேண்டுமென்றால் பனியில் பிடிமானம் சோதித்துத் தேறியிருக்க வேண்டும். ஆணி பதித்த டயரை விட்டால், 2014 டிசம்பர் 15 முதல் கியூபெக் சட்டம் ஏற்றுக்கொள்வது இந்த அடையாளத்தை மட்டும்தான். ஆக, நான் 840 டொலர் கொடுத்துச் சட்டவிரோதமாக ஓடித்திரிந்திருக்கிறேன்!

முன்னுக்கு நல்லதைப் போட்டதும் தெரியாமல் செய்ததில்லை. என்னுடைய கார் முன் சில்லு இழுக்கிற கார். முன்னுக்குப் பிடிமானம் இருந்தால் எடுக்கும்போதும் நேரே ஓடும்போதும் வித்தியாசம் தெரியாது. வளைவில்தான் தெரியும், முன்பக்கம் பிடிக்கும், பின்பக்கம் வழுக்கும், கார் சுழலும்.

சரி, முன் டயர் இரண்டுமாவது உருப்படியா என்றால் அதுவும் இல்லை. செய்த திகதி, டி.ஓ.டி. என்று தொடங்கும் எண்ணின் கடைசி நான்கு இலக்கத்தில் இருக்கும். பல டயர்களில் அந்த முழு எண் ஒரு பக்கச் சுவரில் மட்டும்தான் வரும். அந்தப் பக்கத்தை உள்ளுக்குத் திருப்பிப் பூட்டியிருந்தார்கள். 3814. அதாவது 2014 இன் 38ஆவது வாரம். போன வருச ஸ்டொக்காம்! வெப்பநிலை ஏழு பாகை செல்சியசுக்குக் கீழே போனால் சாதாரண டயரின் ரப்பர் இறுகிப் பிடிமானம் குறையும், வின்டர் டயரின் ரப்பர் மெத்தென்றே இருக்கும், காசு கொடுப்பது அதற்குத்தான். வயது போனால் அந்த ரப்பரும் பழைய தோசை மாதிரி வறண்டுவிடும். மேற்பட்டைப் பள்ளத்தின் ஆழத்தையும் மெக்கானிக் அளந்தார், 5 மில்லிமீட்டர். புது வின்டர் டயரில் எட்டு மில்லிமீட்டராவது இருக்கவேண்டும். யாரோ ஓடிக் கழற்றிய டயர்.

அப்புறம் தொடங்கியது அலைச்சல். முதல் போனில், “ஸ்னோவில எந்த டயரும் வழுக்கும் அண்ணை, நீங்கள் பாத்து ஓடவேணும்.” படம் எடுத்து அனுப்பினேன், நீலக்கோடு இரண்டும் விழுந்தது, பதில் இல்லை. நேரே போனால், முதலாளி ஊருக்குப் போய்விட்டாராம், தை மாதம்தான் வருவாராம். அப்போ பிளேன்டீ தந்த நீ யார் என்று கேட்டேன், தான் வேலைக்கு நிற்கிறவனாம். அடுத்த முறை, பற்றுச்சீட்டைக் காட்டுங்கோ என்றான். காட்டினேன். அதில் பிரெஞ்சில் டயர் 4 என்று மட்டும் எழுதியிருக்கிறது. பிராண்ட் இல்லை, வின்டர் என்ற சொல் இல்லை, அளவுகூட இல்லை. “இதில வின்டர் எண்டு எங்க இருக்கு அண்ணை?” சிரித்துக்கொண்டே கேட்டான். கடைசியில் பெரிய மனது பண்ணி, வசந்தத்தில் சம்மர் டயர் மாற்ற வந்தால் 50 டொலர் குறைப்பதாகச் சொன்னான். 840 டொலருக்கு 50 டொலர் கழிவு, அதுவும் திரும்ப அவனிடமே போனால்! இப்போது என் நம்பரைத் தடுத்து வைத்திருக்கிறான்.

விவரமாகச் சொல்கிறேன் என்றேன், எழுத எழுத இரத்தம் கொதிக்கிறது, சுருக்கமாகவே சொல்கிறேன். பூட்ட முன் நான்கு டயரிலும் மலை அடையாளத்தை நீங்களே பாருங்கள், ஒன்றைக் காட்டினால் போதாது. நான்கின் திகதி எண்ணையும் படம் எடுங்கள். பழைய டயர் வாங்குவதென்றால் ஆழத்தை அளக்கச் சொல்லுங்கள், தேய்ந்து 4 மில்லிமீட்டர் ஆழம்தான் மிச்சம் என்றால் அதைப் பனிக்கு எடுக்கவே வேண்டாம். நாலு சில்லும் இழுக்கிற கார்தானே, பயமில்லை என்று சொன்னால் நம்பாதீர்கள், அது கார் எடுபடத்தான் உதவும், நிற்க உதவாது. பற்றுச்சீட்டில் பிராண்ட், மொடல், அளவு, வின்டர் என்று எழுதாமல் காசு கொடுக்காதீர்கள். கார்டில் கட்டுங்கள், முறையிட ஒரு வழியாவது இருக்கும். ஊர்ப்பெயர் கேட்டால் சொல்லாதீர்கள், சும்மா சொல்கிறேன், ஆனால் பாதி உண்மை.

பின் டயர் இரண்டையும் எறியவில்லை, சாட்சிக்கு வைத்திருக்கிறேன். மெக்கானிக் தாளில் எழுதித் தந்திருக்கிறார். நுகர்வோர் பாதுகாப்பு அலுவலகத்தின் தளத்தில் மாதிரிக் கடிதம் இருக்கிறது, அதை வைத்து 840 டொலரையும் திருப்பிக் கேட்டு எழுதிவிட்டேன், நாளைக்குப் பதிவுத் தபாலில் போகிறது. அதற்கும் அசையாவிட்டால் சிறு கோரிக்கை நீதிமன்றம், 15,000 டொலர் வரை வக்கீல் இல்லாமலே போகலாம். முதலாளி தை மாதம் ஊரிலிருந்து வந்தால் நேரே அங்கே வரட்டும்.