ஒரே தளம், இரண்டு வைத்தியம்: மாதம் ஒரு வேலையா, மொத்தமாக ஒரே மூச்சிலா?

எங்கள் வீடு மண்டபத்தில் இருக்கிறது. அப்பா கட்டியது. அவருக்குப் பிறகு அண்ணனும் நானும் நடுவில் ஒரு சுவர் எழுப்பிப் பாகம் பிரித்துக்கொண்டோம். மேற்குப் பாதி அவருடையது, கிழக்குப் பாதி என்னுடையது. ஒரே மொட்டை மாடி, ஒரே வயது, ஒரே கிணறு. வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா.

போன வருடம் இரண்டு பாதியையும் பழுது பார்த்தோம். அண்ணன் சார்ஜாவிலிருந்து 45 நாள் விடுப்பில் வந்து, எல்லா வேலையையும் ஒரு மேஸ்திரியிடம் மொத்தமாகப் பேசி முடித்துவிட்டுப் போனார். நான் தையில் தொடங்கி மார்கழி வரை மாதம் ஒரு வேலை என்று செய்தேன். திட்டமெல்லாம் ஒன்றும் இல்லை. எனக்குச் சம்பளம் மாதம் ஒருமுறை வருகிறது, அவருக்கு விடுப்பு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வருகிறது, அவ்வளவுதான். இப்போது பங்குனி. வாசலில் நின்றால் இரண்டு வழிகளும் பக்கத்தில் பக்கத்தில் தெரிகின்றன. நான் என் வழியின் பக்கம்தான் சாய்கிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பணக் கணக்கைச் சீக்கிரம் முடித்துவிடலாம். அண்ணனுக்கு 3,40,000 ரூபாய் ஆனது, எனக்கு 1,60,000 சொச்சம். இதை வைத்து என் வழிதான் மலிவு என்று சொன்னால் அது பொய். அவர் வயரிங் முழுவதையும் மாற்றினார், தரைக்கு டைல்ஸ் பதித்தார். நான் இரண்டையும் தொடவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் சுரண்டியதும் தேய்த்ததும் என் கைகள், அதற்குக் கூலி எழுதவில்லை. இன்னொரு பக்கம், பெயின்டையும் சிமெண்டையும் சில்லறையாக வாங்கியதில் எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே போனது. சின்ன வேலைக்குக் கொத்தனார் கிடைப்பதும் லேசில்லை. அரை நாள் வேலை என்றால் "நாளைக்கு வருகிறேன்" என்பார். அந்த நாளை ஒரு வாரம் கழித்துத்தான் விடியும்.

நிம்மதி அண்ணன் பக்கம்தான். எங்கள் வீட்டில் வருடம் முழுக்க ஏதோ ஒரு மூலையில் தூசி இருந்தது. ஆவணியில் ஒருநாள் என் மனைவி, "மதினி வீட்டில் ஆறு வாரம் நரகம், அதற்கப்புறம் சொர்க்கம். நமக்கு எப்போதும் இரண்டுக்கும் நடுவில்" என்றாள். நான் பதில் சொல்லவில்லை.

இவையெல்லாம் எந்த ஊருக்கும் பொருந்தும் பேச்சு. இந்தக் கரையில் தராசைச் சாய்ப்பது உப்பு. மதுரையில் ஒரு வேலை நன்றாக வந்திருக்கிறதா என்பது பெயின்டர் கிளம்பிப்போன மறுநாளே ஏறக்குறையத் தெரிந்துவிடும். இங்கே அன்றைக்கு எல்லா வேலையும் அழகாகத்தான் இருக்கும். உப்பு தன் கருத்தைச் சொல்ல ஆறு மாதம் எடுத்துக்கொள்கிறது. அதுவும் ஒரே தடவையில் சொல்வதில்லை. வைகாசியிலிருந்து கச்சான் என்ற தென்மேற்குக் காற்று அடிக்கும்போது தெற்குச் சுவரும் தெற்கு ஜன்னல்களும் நனைகின்றன. ஐப்பசிக்குப் பிறகு வாடை திரும்பியதும் வடக்குப் பக்கத்தின் முறை. எங்கள் ஊர் விசைப்படகுகள் பருவத்துக்குப் பருவம் வட கடலுக்கும் தென் கடலுக்கும் இடம் மாறுவது இந்தக் காற்றுகளுக்காகத்தான். 45 நாளில் முடிகிற வேலை ஒரு காற்றைத்தான் பார்க்கும். இரண்டாவது காற்று வரும்போது வேலையும் முடிந்திருக்கும், பணமும் கைமாறியிருக்கும், அண்ணனும் விமானம் ஏறியிருப்பார்.

ஜன்னல் தாழ்ப்பாள்களை எடுத்துக்கொள்ளுங்கள். மேஸ்திரி அண்ணன் வீட்டுக்கு 22 தாழ்ப்பாள்களும் ஒரே வகையில் போட்டார். எல்லாம் எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) என்று சொன்னார். அண்ணன் கடையில் காந்தம் வைத்துப் பார்த்திருக்கிறார், ஒட்டவில்லை, திருப்தி. 202, 304, 316 ஆகிய மூன்று தரங்களிலும் காந்தம் பெரும்பாலும் ஒட்டாது என்பது எனக்கும் அப்போது தெரியாது. வித்தியாசம் உள்ளே இருக்கிறது. 202 மலிவான தரம், நிக்கல் குறைவு. 316-இல் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் இருக்கும், கடல் காற்றை அதுதான் தாக்குப்பிடிக்கும். கார்த்திகை பிறக்கும் முன்பே அண்ணன் வீட்டு 22 தாழ்ப்பாள்களிலும் பழுப்புப் புள்ளிகள் விழுந்துவிட்டன.

என் வீட்டில் நடந்தது புத்திசாலித்தனத்தால் அல்ல, கையில் காசு இல்லாததால். தையில் நாலு தாழ்ப்பாளுக்குத்தான் பணம் இருந்தது. தெற்கு பார்த்த சமையலறை ஜன்னலில் நாலு வகை போட்டேன்: பெயின்ட் அடித்த இரும்பு, துத்தநாகம் பூசிய இரும்பு, 304, பித்தளை. ஆடி முடிவதற்குள் இரும்பு பருத்து இழுக்க வராமல் நின்றுவிட்டது. துத்தநாகம் பூசியதில் வெள்ளை மாவு பூத்தது. 304-இல் தேநீர்க் கறைபோல ஒரு படலம், நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்தால் போய்விடுகிறது. பித்தளை பச்சை பிடித்தது, ஆனால் வெண்ணெய்போல நகர்கிறது. மீதி ஜன்னல்களுக்குப் பித்தளை, உள் கதவுகளுக்கு 304 என்று புரட்டாசியில்தான் முடிவு செய்தேன்.

இதில் என் முட்டாள்தனம் ஒன்றும் உண்டு. பித்தளைத் தாழ்ப்பாளுக்கு வீட்டில் கிடந்த இரும்புத் திருகாணியைப் போட்டிருந்தேன். இரண்டு உலோகம் ஒட்டி இருந்து நடுவில் உப்பு ஈரமும் சேர்ந்தால் அது ஒரு சின்ன பேட்டரி மாதிரி. இளைத்த உலோகம் கரைந்துபோகும். தாழ்ப்பாள் அப்படியே இருக்க, திருகாணித் தலை மட்டும் உதிர்ந்து விழுந்தது. நாலு திருகாணியோடு நஷ்டம் முடிந்தது. மொத்தமாகச் செய்திருந்தால் அதே தவறு எல்லா ஜன்னலிலும் ஏறியிருக்கும். மாதம் ஒரு வேலை என்பதில் நான் கண்ட லாபம் இதுதான்: தவறும் சில்லறையாகவே வருகிறது.

அடுத்தது கிரில்லுக்குப் பெயின்ட். அண்ணன் வந்தது வைகாசி ஆரம்பத்தில். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். படகுகள் கரையேறி நிற்கும் மாதங்கள். உள்ளூர் பெயின்டர்களும் வெல்டர்களும் படகு வேலைக்குப் போய்விட்டார்கள். மேஸ்திரி கடலை விட்டுத் தள்ளியிருக்கும் ஊர்களிலிருந்து ஆட்களைக் கூட்டிவந்தார். கெட்டிக்காரர்கள்தான், துருவைச் சுரண்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, ப்ரைமரும் இரண்டு கோட்டும் அடித்தார்கள். (உப்புத்தாள் என்று எந்தப் புண்ணியவான் பெயர் வைத்தானோ, எங்கள் ஊருக்கென்றே வைத்ததுபோல இருக்கிறது.) அவர்கள் செய்யாதது ஒன்றுதான். தேய்த்த பிறகு நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவவில்லை. அந்த ஊர்களில் அது தேவைப்படாது. இங்கே தேய்த்த இரும்பின் மேலும் கண்ணுக்குத் தெரியாமல் உப்பு இருக்கும். அதன் மேல் பெயின்ட் அடித்தால் அந்த உப்பு படலத்தின் வழியே ஈரத்தை உள்ளே இழுக்கும், பெயின்ட் கொப்புளிக்கும். ஐப்பசியில் அண்ணன் வீட்டு கிரில் அம்மை போட்டதுபோல இருந்தது.

என் கிரில்லைப் படகுக்குப் பெயின்ட் அடிக்கும் பெரியவர் ஒருவரிடம் கேட்டுக்கொண்டு மாசியில் நானே செய்தேன். காலையில் சுரண்டுவது, உடனே நல்ல தண்ணீரில் கழுவுவது, வெயிலில் காய்ந்ததும் பொழுது சாய்வதற்குள் ப்ரைமர். இரவு தாண்டவிட்டால் பனியோடு உப்பு மறுபடியும் உட்கார்ந்துவிடும். அதனால் ஒரு நாளைக்கு ஒரு ஜன்னல்தான் முடிந்தது. நாலு ஞாயிறு, நாலு ஜன்னல். ஆள் வைத்து இதைச் செய்தால் நாலு நாள் கூலி. மொத்தக் கூலிக்குப் பேசியவர் ஒரு ஜன்னலுக்காக ஒரு நாளைச் செலவழிக்க மாட்டார், அதில் அவரைக் குறை சொல்லவும் முடியாது.

பாம்பன் பழைய ரயில் பாலம் 1914-இல் திறந்தது. 2022 டிசம்பரில் ரயில் நிற்கும்வரை அது நூறு வருடத்துக்கு மேல் நின்றது விடாத பராமரிப்பால். 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் பாலிசிலாக்சேன் என்ற துருத்தடுப்புப் பூச்சும் தேவைப்பட்டிருக்கின்றன. அதற்கே அப்படி என்றால் எங்கள் ஜன்னல் எம்மாத்திரம்? மேஸ்திரி வேலையை ஒப்படைக்கும்போது "இனி பத்து வருடத்துக்குக் கவலை இல்லை" என்றார். இந்தக் கரையில் யார் அப்படிச் சொன்னாலும் நம்பாதீர்கள்.

சன்ஷேடு விஷயத்தில் என் நிச்சயம் கொஞ்சம் குறைகிறது. அப்பா காலத்துச் சன்ஷேடு, கம்பிக்கு மேல் ஒரு விரல் கனம்கூடக் கான்கிரீட் இல்லை. கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456-இன்படி சாதாரண இடத்தில் கம்பிக்கு மேல் 20 மில்லிமீட்டர் கான்கிரீட் மூடல் போதும், கடலோரக் காற்றுபடும் இடத்தில் 45 வேண்டும். உப்பு உள்ளே இறங்கிக் கம்பி துருப்பிடித்தால், துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும், கான்கிரீட்டைப் பிளந்துகொண்டு வெளியே வரும். அண்ணன் பக்கத்தில் வெடித்த இடங்களில் சிமெண்ட் அப்பிச் சமன் செய்தார்கள். இந்த மாசியில் அதில் ஒரு தட்டு துளசி மாடத்தின் மேல் விழுந்தது. நல்லவேளை, மதினி அப்போது அங்கே நிற்கவில்லை. என் பக்கத்தில் கொத்தனார் கம்பிக்குப் பின்பக்கம் வரை கொத்தி எடுத்தார். கம்பியைத் தேய்த்துக் கழுவி, துருத்தடுப்புப் பூசி, பாலிமர் கலந்த சாந்தால் கட்டினோம். மூன்று அடி நீளத்துக்கு இரண்டு நாள். இப்போதைக்கு நிற்கிறது. ஆனால் உப்பு ஏறிய பழைய கான்கிரீட்டில் ஒட்டுப்போட்டால், ஒட்டின் விளிம்பை அடுத்த பழைய பகுதியில் துரு வேகமாகக் கிளம்புவது உண்டு. என் ஒட்டு ஒரு மழைக்காலத்தைத்தான் பார்த்திருக்கிறது. இதில் நான் ஜெயித்துவிட்டேன் என்று இன்னும் இரண்டு வாடை கழிந்த பிறகுதான் சொல்வேன்.

அடுத்தது தண்ணீர். எங்கள் கிணற்று நீர் வாயில் வைக்க முடியாத உவர். கம்பி போட்ட கான்கிரீட்டுக்குக் கலக்கும் நீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு இருக்கக்கூடாது. அண்ணன் வீட்டுப் பூச்சு வேலை முழுக்க அந்தக் கிணற்று நீரில்தான் நடந்தது. ஆறு வாரம் முழுக்க நல்ல தண்ணீரை விலைக்கு வாங்கிக் கட்டுப்படியாகாது. சுவரில் இடுப்பளவுக்கு உப்புப் பூத்து, பட்டி மாவாக உதிர்கிறது. எனக்கு ஒரு மாதத்து வேலைக்கு எட்டுப் பத்துக் குடம் போதும் என்பதால் குடிநீரையே ஊற்றினேன். என் மனைவிக்கு அதிலும் மனத்தாங்கல்தான்.

மொத்தமாகச் செய்வதுதான் சரி என்று நான் ஒப்புக்கொள்ளும் வேலைகளும் உண்டு. வயரிங் அதில் ஒன்று. பாதி பழையது, பாதி புதியது என்று வைப்பது ஆபத்து. குளியலறை இன்னொன்று. குழாய், நீர்க்கசிவுத் தடுப்பு, சரிவு, டைல்ஸ் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வரும் அடுக்கு. சித்திரையில் ஓர் அடுக்கு, ஆனியில் ஓர் அடுக்கு என்று பிரித்தால் நடுவில் குளிக்க எங்கே போவது? ஆனியில் நான் குழாயை மட்டும் மாற்றிப் பார்த்தேன். தரைக்கு அடியில் கசிந்து, நடுச்சுவர் வழியாக மதினி வீட்டுக்குள் ஓதம் ஏறியது. அந்த வாரம் அவர் எனக்குக் காப்பி கொடுக்கவில்லை. சொந்த ஊரில் தங்க முடியாதவர்களுக்கும் என் வழி உதவாது. பக்கத்தில் இருந்து பார்க்க ஆள் வேண்டும்.

மொட்டை மாடியை ஒப்பிட என்னிடம் சரக்கு இல்லை. தளம் பொது என்பதால் தட்டோட்டு இடுக்குகளை அண்ணனின் மேஸ்திரியே இரண்டு பக்கமும் சேர்த்து அடைத்தார். வாடை மழையில் என் பக்கம் ஒழுகவில்லை, அண்ணன் பக்கம் இரண்டு இடத்தில் வாளி வைத்தார்கள். அதிர்ஷ்டமா, சரிவா, தெரியவில்லை.

அண்ணன் அடுத்த வருடம்தான் வருவார். அதுவரை அவர் பக்கத்துத் தாழ்ப்பாள்களை மாதம் இரண்டாக மாற்றித் தரும்படி மதினி சொல்லியிருக்கிறார். என் குளியலறையை அவர் வரும்போது அதே மேஸ்திரியிடம் மொத்தமாகக் கொடுப்பதாக நானும் ஒப்புக்கொண்டுவிட்டேன். ஒரே நிபந்தனை, தண்ணீர் என்னுடையது.