எமர்ஜென்சி லைட்டா, செல் போடும் டார்ச்சா?

போன தடவை ராத்திரி கரண்ட் போனபோது எங்கள் வீட்டு எமர்ஜென்சி லைட் பதினைந்து நிமிடம்கூடத் தாங்கவில்லை. முதலில் பளிச்சென்று வெளிச்சம், அப்புறம் மங்கல், அப்புறம் சுவிட்ச் பக்கத்தில் ஒரு சிவப்புப் புள்ளி மட்டும். வாங்கி மூன்று வருடம் ஆகிறது, அது எரிந்த நேரத்தை எல்லாம் கூட்டினாலும் பத்து மணி நேரம் தேறாது. இப்போது அதை ஓரம்கட்டிவிட்டு, ஏஏ செல் போடும் எல்இடி டார்ச் இரண்டு வைத்திருக்கிறேன். எனவே நான் எந்தப் பக்கம் சாய்வேன் என்பது இப்போதே தெரிந்திருக்கும்.

வெளிச்சம் என்று பார்த்தால் எமர்ஜென்சி லைட்தான், ஒரு அறைக்கே போதும். செல் வாங்கும் செலவும் இல்லை. வாரத்துக்கு இரண்டு முறை கரண்ட் போகும் வீடு என்றால் யோசிக்காமல் அதையே வைத்துக்கொள்ளுங்கள், அடிக்கடி இறங்கி ஏறுவதால் பேட்டரியின் நிலைமை உங்களுக்கே தெரிந்துவிடும். மெழுகுவர்த்தியை நான் கணக்கிலேயே சேர்க்கவில்லை. நிலநடுக்கத்துக்குப் பிறகு எங்கே கேஸ் கசிகிறது என்று தெரியாத வீட்டில் யாராவது நெருப்பைப் பற்றவைப்பார்களா?

சிக்கல் எப்போதோ ஒருமுறை வரும் புயலுக்கும் வெள்ளத்துக்கும்தான். அதற்காக வாங்கும் பொருள் வருடக்கணக்கில் சும்மா கிடக்கும், அப்படிக் கிடக்கும்போது அதற்கு என்ன ஆகிறது என்பதை வைத்துத்தான் நான் முடிவு செய்தேன். கனமான பழைய ரக லைட்டுகளுக்குள் இருப்பது லெட் ஆசிட் பேட்டரி. பயன்படுத்தாவிட்டாலும் அதில் சார்ஜ் மெல்ல இறங்கும். இறங்கிய நிலையிலேயே விட்டால் ஈயத் தகடுகளில் சல்ஃபேட் படிந்து இறுகிவிடும், பிறகு எவ்வளவு நேரம் பிளக்கில் செருகி வைத்தாலும் பழைய தெம்பு வராது. என் லைட்டுக்கு நடந்தது இதுதான். புதிய லித்தியம் அயன் ரகம் எவ்வளவோ மேல், ஆனால் அதையும் காலியாக்கிவிட்டு மாதக்கணக்கில் மறந்தால் பாதுகாப்பு சர்க்யூட் சார்ஜ் ஏறவே விடாமல் போகலாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை சார்ஜ் போட வேண்டும் என்று காலண்டரில் குறித்தெல்லாம் வைத்தேன். வருடம் முடிந்ததும் காலண்டர் பழைய பேப்பரோடு போனது, குறிப்பும் கூடவே போனது.

டார்ச்சில் போட்டு, தீர்ந்ததும் மாற்றிவிடும் அல்கலைன் செல் இந்த மறதியைப் பொறுத்துக்கொள்ளும். நல்லதாக வாங்கினால் பத்து வருடம் தள்ளித்தான் தேதி போட்டிருக்கும், ரீசார்ஜ் ஆகாத லித்தியம் ஏஏ செல் என்றால் இருபது வருடம்கூட. ஆனால் டார்ச்சுக்குள்ளேயே போட்டு வைக்காதீர்கள்! அல்கலைன் செல் கசிந்தால் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு வெளியே வந்து வெள்ளையாகப் பூத்துவிடும். அப்படிப் பூத்த ஒரு டார்ச்சைத் திறந்து, பஞ்சுக்குச்சியில் வினிகர் தொட்டுத் தேய்த்தேன், நுரைத்துக்கொண்டு வந்தது, கூடவே அரித்துப்போன ஸ்பிரிங்கில் பாதியும் கையோடு வந்தது. இப்போதெல்லாம் செல்களை அட்டையைப் பிரிக்காமல் ஒரு உறையில் போட்டு, ரப்பர் பேண்டால் டார்ச்சோடு கட்டிவைக்கிறேன், இருட்டில் தடவினாலும் இரண்டும் சேர்ந்தே கிடைக்கும். கண்ணை மூடிக்கொண்டு செல் போட ஒருமுறை பழகிப் பாருங்கள், கூட்டல் கழித்தல் பக்கம் பிடிபடக் கொஞ்சம் நேரம் ஆகும். பழைய செல்லையும் புதிய செல்லையும் கலந்து போடுவதும் வேண்டாம், வலுவிழந்த செல்தான் முதலில் கசியும்.

ரீசார்ஜ் ஆகும் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல்லையே போட்டால் என்ன என்று கேட்கலாம். சாதாரண ரகம் சில மாதத்தில் தானாகவே இறங்கிவிடும். சார்ஜைப் பிடித்துவைக்கும் ரகமும் கிடைக்கிறது, அன்றாட உபயோகத்துக்கு நான் அதைத்தான் போடுகிறேன், அவசரத்துக்கென்று ஒதுக்கியது மட்டும் அல்கலைன்.

இன்னொரு வசதி, அக்கம்பக்கத்தில் நாலு வீட்டுக்காரர்கள் பேசிவைத்துக்கொண்டு எல்லோரும் ஏஏ டார்ச்சும் ஏஏ ரேடியோவும் வாங்கிவிட்டால், மூன்றாம் நாள் ஒரு வீட்டில் செல் தீர்ந்தாலும் அடுத்த வீட்டிலிருந்து இரண்டு வாங்கிப் போட்டுக்கொள்ளலாம். எமர்ஜென்சி லைட்டில் மிச்சம் இருக்கும் சார்ஜை அப்படி எடுத்துக் கொடுக்க முடியாது.

கையால் சுற்றும் ரேடியோ டார்ச்சைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல எனக்கு அனுபவம் போதாது, நண்பர் வீட்டில் ஒரு சாயங்காலம் சுற்றிப் பார்த்ததோடு சரி. செய்தி கேட்கலாம், கை வலித்தது. பெரும்பாலும் அதற்குள்ளும் ஒரு சின்ன ரீசார்ஜ் பேட்டரிதான் இருக்கிறது, அதுவும் வயதாகி ஓயும் என்பதால் அதை மட்டும் நம்பி இருக்க மாட்டேன்.

பழைய எமர்ஜென்சி லைட்டைக் குப்பைத்தொட்டியில் போடாதீர்கள், உள்ளே ஈயமும் அமிலமும் இருக்கிறது. என்னுடையதைப் பழைய பேட்டரி எடுப்பவரிடம் கொடுத்துவிடலாம் என்று வாசல் பக்கம் எடுத்து வைத்திருக்கிறேன்.