டாஃப்டாக்ஸ்கிட் வாங்கலாமா? சாயக் கழிவுநீர் நச்சுச் சோதனையில் செலவுக் கணக்கு

மாதத்துக்கு நாலைந்து கழிவுநீர் மாதிரி வரும் ஆய்வகத்துக்கு டாஃப்டாக்ஸ்கிட் எஃப் மேக்னா என்ற நச்சுச் சோதனைப் பெட்டி தாராளமாகக் கட்டுப்படியாகும். நாள்தோறும் மாதிரி குவியும் இடத்தில் சோதனை உயிரியான டாஃப்னியா என்ற நீர்த்தெள்ளைச் சொந்தமாக வளர்ப்பதே மலிவு. பெட்டியின் விலையைச் சோதனைகளின் எண்ணிக்கையால் வகுத்துப் பார்த்து முடிவெடுப்பவர்கள், சோதனை வீணாகும்போது ஆகும் செலவைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

பெல்ஜியத்தின் மைக்ரோபயோடெஸ்ட்ஸ் தயாரிப்பு இது. டாஃப்னியா மேக்னா இனத்தின் உறக்க முட்டைகள் குப்பியில் வரும். தேவைப்படும்போது பொரிக்க வைக்கலாம். நாம் காசு கொடுப்பது அந்த வசதிக்குத்தான். சொந்த வளர்ப்பு என்றால் பாசி வளர்க்க வேண்டும், தண்ணீர் மாற்ற வேண்டும், பண்டிகை நாளிலும் தீனி போட ஆள் வேண்டும். மாதிரியே வராத வாரத்திலும் கூலி ஓடும். தொட்டியில் ஆண் டாஃப்னியாவோ உறக்க முட்டையோ தென்பட்டால் அந்தக் கூட்டம் ஓஇசிடி 202 என்ற சர்வதேச டாஃப்னியா சோதனை வழிகாட்டியின்படி சோதனைக்கு ஆகாது.

முட்டைகளை வலையில் கொட்டிக் கழுவி, காற்றூட்டிய நீரில் 20–22 டிகிரியில் வைக்க வேண்டும். 6000 லக்ஸ் வெளிச்சம் இடைவிடாமல் விழவேண்டும். நம் ஆய்வகங்களில் பிஓடி (உயிர்வேதி ஆக்சிஜன் தேவை) அளக்க வைத்திருக்கும் இன்குபேட்டர் குளிருக்குப் போதும். ஆனால் உள்ளே இருட்டு. எல்இடி பட்டை ஒட்டிக்கொள்ளலாம், வெப்பநிலையை மட்டும் தட்டின் அருகிலேயே அளந்து பாருங்கள். 72 முதல் 80 மணி நேரத்துக்குள் பெரும்பாலான குஞ்சுகள் வெளிவரும். 90 மணிக்குப் பிறகு எடுக்கக்கூடாது. வெள்ளி காலை 10 மணிக்கு வைத்தால் திங்கள் காலை குஞ்சு தயார், 48 மணி நேர எண்ணிக்கை புதன்கிழமை. செவ்வாயன்று வைப்பவர் ஞாயிறு வந்து எண்ண வேண்டியிருக்கும்.

சோதனைக்கு 2 மணி நேரம் முன்பு ஸ்பைருலினா கொடுப்பதைத் தவறவிடாதீர்கள். பசியில் சாகும் குஞ்சு முடிவையே கெடுத்துவிடும். பிறகு 10 மி.லி. குழிக்கு 5 குஞ்சு, ஒரு செறிவுக்கு ஒரு வரிசையில் 4 குழி. தட்டை மெல்ல அசைத்து 15 நொடிக்குள் நீந்தாததை அசைவற்றது என்று எண்ண வேண்டும். உணர்கொம்பு மட்டும் ஆடினால் அதுவும் அசைவற்றதுதான். புதியவர்கள் இங்கேதான் தவறுகிறார்கள். கன்ட்ரோலில், அதாவது மாதிரி சேர்க்காத சுத்த நீர் வரிசையில், 20 குஞ்சுகளில் 2-க்கு மேல் அசைவற்றுப் போனால் மொத்தத் தட்டும் வீண். புதுத் தொகுதி வந்ததும் பொட்டாசியம் டைகுரோமேட்டில் சரிபாருங்கள்: 24 மணி நேர இசி50, அதாவது பாதிக் குஞ்சுகளை அசைவறச் செய்யும் செறிவு, லிட்டருக்கு 0.6–2.1 மி.கி.க்குள் வரவேண்டும்.

செலவைக் குறைக்கும் வழி தட்டின் அமைப்பிலேயே இருக்கிறது. ஒரு வரிசை கன்ட்ரோல், மீதி ஐந்து வரிசை. ஒரே மாதிரியின் ஐந்து நீர்த்தல்களுக்குப் பதிலாக, ஐந்து மாதிரிகளை நீர்க்காமல் அப்படியே ஊற்றலாம். தேறாத மாதிரிக்கு மட்டும் அடுத்த தட்டில் நீர்த்தல் வரிசை. இப்படி மாதிரிகளைத் தேறியது, தேறாதது என்று பிரிக்க இசி50 தேவையில்லை. கன்ட்ரோல் தோற்றால் ஐந்தும் போகும் என்பதால், திரும்பச் செய்ய மாதிரி மிச்சம் இருக்கட்டும்.

சாயப்பட்டறை நீரில் பெரிய தொல்லை உப்பு. லிட்டருக்குச் சில கிராம் உப்பே டாஃப்னியாவை வீழ்த்தும். பழி சாயத்தின் மேல் விழும். மின்கடத்துதிறனை அளந்து, அதே அளவுக்குச் சமையல் உப்பு கரைத்த நீரை ஒரு வரிசையில் வையுங்கள். குளோரின் மிச்சமிருந்தாலும் குஞ்சு தங்காது. கரிமச் சுமை மிகுந்த நீரில் 48 மணி நேர முடிவில் கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 3 மி.கி.க்குக் கீழே இறங்கினால், அந்த முடிவை நச்சின் கணக்கில் எழுத முடியாது. அம்மோனியா உள்ள மாதிரியில் பிஎச் ஏறுகிறதா என்றும் பாருங்கள். ஏற ஏற நச்சு கூடும்.

நச்சு பட்டதும் பாக்டீரியாவின் ஒளி மங்குவதை அளக்கும் ஒளிரும் பாக்டீரியா முறை, அதாவது ஐஎஸ்ஓ 11348, அரை மணி நேரத்தில் முடியும். உப்பையும் தாங்கும், ஏனென்றால் அது கடல் பாக்டீரியா. ஆனால் அடர்ந்த நிறமே ஒளியை விழுங்கிவிடுகிறது, நிறத் திருத்தம் செய்தாக வேண்டும். ஒளிமானிக்கும் உறைநிலைச் சேமிப்புக்கும் முதலீடு பெரிது. சாய நீருக்காக மட்டும் அதை வாங்கச் சொல்ல மாட்டோம்.

மீன் சோதனையை இவை எதுவும் நீக்கிவிடாது. 1986 சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளின் பொதுத் தரம், நீர்க்காத கழிவுநீரில் 96 மணி நேரத்துக்குப் பின் 90 சதவீத மீன்கள் உயிரோடிருக்க வேண்டும் என்கிறது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குக் காட்ட அந்த முடிவுதான் செல்லும். சுத்திகரிப்பு நிலையத்தில் எந்தக் கட்டத்தில் நச்சு நீங்குகிறது என்று தேட ஒவ்வொரு முறையும் மீனைக் கொல்வது கொடுமை, காசுக்கும் கேடு. அந்த வேலைக்கு இந்தப் பெட்டி பொருத்தம். ஆறு இணைதிறன் குரோமியத்துக்கு டாஃப்னியா மீனைவிட மிகவும் நொய்மையானது. இதில் தேறாத நீர் மீன் சோதனையில் தேறவும் கூடும்.

இறக்குமதிப் பொருள் என்பதால் வழியில் கழியும் நாளெல்லாம் காலாவதித் தேதியிலிருந்துதான் கழிகிறது. ஆர்டர் கொடுக்கும்போதே தொகுதியின் தேதியை எழுத்தில் கேளுங்கள். வந்ததும் குளிர்பெட்டியில் 5 டிகிரி அளவில், இருட்டில் வையுங்கள்; ஃப்ரீசரில் வேண்டாம்.