மரக் கடைசலுக்குச் சக் வாங்குதல்: விலை, தரம், விற்பனைக்குப் பிந்தைய சேவை

மரத்தைச் சுழலவிட்டு உளியால் கடையும் மர லேத்துக்கு, மரத்தைக் கவ்விப் பிடிக்கும் நான்கு தாடைகள், அதாவது ஜாக்கள், கொண்ட சக் வாங்க நினைப்பவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். ஏறத்தாழ ரூ. 9,000க்குக் கிடைக்கும் பெயரில்லாச் சக்கும், அதைப் போல மூன்று மடங்கு விலையுள்ள வெளிநாட்டுச் சக்கும் மரத்தைப் பிடித்துச் சுற்றுகிற ஒரே வேலையைத்தானே செய்கின்றன, பிறகு எதற்குக் கூடுதல் பணம் என்பது அந்தக் கேள்வி. வியாசர்பாடியில் உள்ள என் சிறு பட்டறையில் இந்த இரு வகையும் பல ஆண்டுகளாக அருகருகே உழைத்து வருகின்றன. அந்த அனுபவத்திலிருந்து நான் வந்து சேர்ந்த முடிவு இது: சக்கின் உடல் எவ்வளவு பளபளப்பாக இருக்கிறது என்பதைவிட, அதற்குரிய ஜாவும் திருகும், அதை லேத்தில் ஏற்றும் மரை இன்சர்ட்டும் சில ஆண்டுகள் கழித்துத் தேடும்போது கிடைக்குமா என்பதே விலையைத் தீர்மானிக்க வேண்டும்.

என் வேலையின் தன்மையைச் சொல்லிவிட்டால் இந்த மதிப்பீட்டை நீங்கள் உங்கள் வேலைக்கு ஏற்ப மாற்றிப் பார்க்க வசதியாக இருக்கும். கட்டில் கால், மாடிப்படிக் குண்டு போன்ற நீளமான வேலைகளுக்குச் சக் தேவையே இல்லை. இரு முனைகளுக்கு நடுவே வைத்துக் கடைந்துவிடலாம். சக் தேவைப்படுவது கிண்ணம், டப்பா, மூடி, பிறகு கேரம் காய்கள் ஆகியவற்றுக்கு. கேரம் காய் என்றதும் சிலர் சிரிக்கலாம். உலகப் பட்டம் வென்ற இளவழகி வளர்ந்த வியாசர்பாடியில் கேரம் சங்கங்களுக்குக் குறைவில்லை. காய் உடைந்தாலோ தொலைந்தாலோ அதே எடையிலும் அளவிலும் ஒன்றிரண்டு கேட்டு வருபவர்களுக்கும் குறைவில்லை. காயின் விட்டம் 3.02 முதல் 3.18 செ.மீ.க்குள், தடிமன் 7 முதல் 9 மி.மீ.க்குள், எடை 5 முதல் 5.5 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது ஆட்ட விதி. ஒரு சக்கின் உண்மையான குணத்தை இந்தச் சிறு வட்டு காட்டிக்கொடுப்பதுபோல வேறு எதுவும் காட்டிக்கொடுப்பதில்லை.

முதலில் ஒரு மாற்று யோசனையைத் தீர்த்துவிடுவோம். செம்புதாஸ் தெருக் கடைகளில் இரும்பு லேத்துக்கான மூன்று ஜா, நான்கு ஜா சக்குகள் நல்ல தரத்தில் கிடைக்கின்றன. கிண்டி மெஷின் டூல்ஸ் போல நம் ஊரிலேயே சக் செய்யும் நிறுவனமும் உண்டு. அவற்றையே மர லேத்தில் மாட்டினால் என்ன என்று பலரும் கேட்கிறார்கள். மாட்டலாம், சுற்றும். ஆனால் இரும்புக்கான ஜாவின் தொடும் முகம் மிகக் குறுகியது. அது மரத்தைப் பிடிப்பதில்லை, மரத்துக்குள் அமுங்குகிறது. இறுக்கினால் வடு விழும், இறுக்காவிட்டால் வேலை பறக்கும். அதோடு, விரித்த நிலையில் ஜாக்கள் உடலுக்கு வெளியே நீட்டிக்கொண்டு சுழலும். உளியைப் பிடித்த கை அதற்கு மிக அருகில் இருப்பது மரக் கடைசலில்தான். இரும்பு லேத்தில் உளியைக் கருவித் தாங்கி பிடித்துக்கொள்கிறது, இங்கே நம் விரல்கள் பிடிக்கின்றன. இந்த ஒரு காரணத்துக்காகவே அந்த வழியை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

நான் முதலில் வாங்கியது இணையவழி விற்பனையில் கிடைத்த, பெயர் பொறிக்கப்படாத 95 மி.மீ. சக். பின்னர் வாங்கியது நியூசிலாந்தின் டெக்னாடூல் நிறுவனத்தின் சூப்பர் நோவா 2, இன்சர்ட் வகை. இவ்விரண்டுக்கும் உள்ள முதல் வேறுபாடு, லேத்தின் சுழலும் தண்டான ஸ்பிண்டிலில் எப்படி ஏறுகின்றன என்பதில் தொடங்குகிறது. முதலாவதில் 1 அங்குல விட்டத்தில், அங்குலத்துக்கு 8 என்ற கணக்கில் மரை நேரடியாக உடலிலேயே வெட்டப்பட்டிருந்தது. இரண்டாவதில் உடலின் பின்புறம் தனியாக ஓர் இன்சர்ட் ஏறுகிறது. லேத்தை மாற்றினால் இன்சர்ட்டை மட்டும் மாற்றினால் போதும். வெளிநாட்டு மர லேத்துகளில் 1 அங்குல விட்டத்தில் அங்குலத்துக்கு 8 மரை, ஒன்றேகால் அங்குல விட்டத்தில் அங்குலத்துக்கு 8 மரை, 33 மி.மீ. விட்டத்தில் (எம்33) 3.5 மி.மீ. மரை இடைவெளி என்று சில அளவுகள் பரவலாக இருக்கின்றன. நம் ஊரில் செய்யப்படும் மர லேத்துகளில் அப்படி ஒரு ஒழுங்கை எதிர்பார்க்க முடியாது. செய்தவர் கையில் எந்த மரை இருந்ததோ அதுவே ஸ்பிண்டிலின் மரை. ஆகவே உள்ளூர் லேத்து வைத்திருப்பவர் இன்சர்ட் இல்லாத சக்கை வாங்குவதற்கு முன் இருமுறை யோசிக்க வேண்டும்.

என் பழைய லேத்தின் மரை எந்தப் பட்டியலிலும் இல்லாதது. சிறிய மரையுள்ள இன்சர்ட் ஒன்றை வாங்கி, காசிமேட்டில் விசைப்படகுகளுக்கு ஷாஃப்ட் கடையும் ஒரு லேத்துப் பட்டறையில் கொடுத்து, உட்புறத்தைக் குடைந்து புது மரை வெட்டி வாங்கினேன். அந்தப் பட்டறைக்காரர் செய்ததில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. மரையையும், ஸ்பிண்டிலின் தோளில் போய் உட்காரும் முகத்தையும் இடையில் கழற்றாமல் ஒரே பிடியில் வெட்டினார். சக் நேராகச் சுற்றுவதை உறுதி செய்வது மரை அல்ல, தோளில் அமரும் அந்த முகம்தான். மரை வெட்டிய பிறகு கழற்றித் திருப்பி மாட்டி முகத்தைச் சீவினால், எவ்வளவு விலையுயர்ந்த சக்காக இருந்தாலும் ஆடும். இப்படிச் செய்து தரக்கூடிய கை உங்கள் பேட்டையில் இருக்கிறதா என்பதும் சக்கின் சேவைக் கணக்கில் சேரும். வடசென்னையில் இருப்பவர்களுக்கு அந்தக் கவலை இல்லை.

தரத்துக்கு வருவோம். பெயரில்லாச் சக்கில் நேரான எஃகு உருளையைப் பிடித்து டயல் கேஜ் வைத்துப் பார்த்தபோது முள் கால் மில்லிமீட்டர் வரை ஆடியது. நோவாவில் அதில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. இந்த எண்ணை மட்டும் பார்த்து மலிவுச் சக்கை ஒதுக்கினால் அது அநியாயம். கிண்ணம் கடைபவருக்கு இந்த ஆட்டம் பொருட்டே இல்லை, ஏனென்றால் மரத்தைச் சக்கில் பிடித்த பிறகுதான் கடைகிறோம். உளி பட்ட இடமெல்லாம் தானாகவே வட்டமாகிவிடும். சிக்கல் எழுவது, ஒரு முறை கழற்றியதை மறுபடி பிடிக்கும்போதுதான். கேரம் காயை உருளையிலிருந்து அறுத்தெடுத்து, சிறிய ஜாவில் மறுபடி பிடித்து முகத்தைச் சீவும் வேலையில் நான்கு ஜாக்களின் உட்படி ஒரே மட்டத்தில் இருந்தாக வேண்டும். மலிவுச் சக்கில் ஒரு ஜாவின் படி தலைமுடி அளவு உயர்ந்திருந்தது. விளைவு, காயின் ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் மெலிந்தது. கண்ணுக்குத் தெரியாது, பவுடர் போட்ட பலகையில் சுண்டிவிட்டால் காய் நேராக வழுக்காமல் தளும்பிக்கொண்டு போகும். காயை வாங்க வந்த பையன் அதை ஒரே சுண்டலில் கண்டுபிடித்துவிட்டான்.

ஜாவின் வடிவத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும், ஏனெனில் விலை வேறுபாட்டின் பெரும்பகுதி இங்கேதான் இருக்கிறது. மர லேத்துச் சக்கின் ஜாக்கள் முழு வளையமாகக் கடைந்து, பிறகு நான்காக அறுக்கப்படுபவை. ஆகவே அவை ஏறக்குறைய மூடியிருக்கும் நிலையில், அறுத்த இடைவெளி அளவுக்கு மட்டும் திறந்திருக்கும்போதுதான், உண்மையான வட்டமாக அமைகின்றன. அந்த அளவுக்குக் கழுந்து, அதாவது ஜா பிடிப்பதற்காக மரத்தின் அடியில் விடும் குட்டை உருளை, கடைந்தால் மரத்தின் சுற்றளவு முழுவதும் பிடி கிடைக்கும். அதைவிட மிகப் பெரிய கழுந்து என்றால் ஒவ்வொரு ஜாவும் தன் இரு முனைகளால் மட்டுமே மரத்தைத் தொடும். எட்டு இடங்களில் கடித்த வடு தெரியும், பிடியும் பாதியாகும். நல்ல சக்கில் ஜாவின் உட்புறச் சரிவும் விளிம்பும் சுத்தமாக இருப்பதால், கழுந்தின் தோள் ஜாவின் மேல்முகத்தில் படிந்து அமர்கிறது. கழுந்தின் நுனி உள்ளே அடியைத் தொடாமல் சற்று குறைவாக இருக்க வேண்டும் என்பதை மறக்கக் கூடாது; அடி தொட்டால் தோள் அமராது. மலிவுச் சக்கின் ஜாவில் விளிம்புகள் பிசிறோடு வந்தன. அரத்தால் நானே சீவிச் சரிசெய்தேன், அது அரை நாள் வேலை. கைவேலை தெரிந்தவருக்கு இது ஒரு குறையே அல்ல என்பேன்.

பச்சை மரத்தில் வேலை செய்பவர்கள் இங்கே ஒன்றைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். புயலில் சாய்ந்த தூங்குமூஞ்சி, வேம்பு, பூவரசு போன்றவை ஈரத்தோடுதான் நம் கைக்கு வருகின்றன. முரட்டாகக் கடைந்து உலர வைத்த கிண்ணத்தின் கழுந்து சில மாதங்களில் முட்டை வடிவாகிவிடும். அதை மறுபடி வட்டமாக்கும்போது அளவு குறையும். ஒரே அளவு ஜா மட்டும் வைத்திருப்பவர் அந்த இடத்தில் திண்டாடுவார். இரண்டு மூன்று அளவு ஜாக்கள் தேவைப்படுவது இதனால்தான். சக்கை வாங்கும்போதே இந்தச் செலவையும் சேர்த்துக் கணக்கிட வேண்டியதும் இதனால்தான்.

இனி சேவை. பெயரில்லாச் சக்கை விற்றவர் ஓராண்டு உத்தரவாதம் என்று எழுதியிருந்தார். ஜாவைச் சறுக்குத் துண்டோடு பிணைக்கும் திருகு ஒன்றின் தலை, அலன் கீயை வைத்த மாத்திரத்தில் வழுக்கி உருண்டையாகிவிட்டது. கேட்டதற்கு முழுச் சக்கையும் டெல்லிக்கு என் செலவில் அனுப்பச் சொன்னார்கள். திருகு மட்டும் தரமாட்டார்களாம். திருகை நான் பாரிமுனைக் கடையில் உயர்தர எஃகில் வாங்கி மாற்றிக்கொண்டேன்; அதற்குக் கொடுத்த விலை ஒரு தேநீருக்குக்கூடக் காணாது. ஆனால் சிறிது காலம் கழித்துச் சிறிய ஜா தேவைப்பட்டபோது அந்த விற்பனைப் பக்கமே இல்லை, அதே தோற்றத்தில் வேறு பெயரில் வந்த சக்கின் ஜாவில் துளைகளின் இடைவெளி பொருந்தவில்லை. நோவாவின் கதை வேறு. அதே ஜா வரிசை அந்நிறுவனத்தின் ஜி3, சூப்பர் நோவா 2, டைட்டன் ஆகிய சக்குகளுக்குப் பொதுவானது. ஒரு சக்கிலிருந்து இன்னொன்றுக்கு மாறினாலும் வாங்கிய ஜாக்கள் வீணாவதில்லை. இறக்குமதிப் பொருளுக்கு உள்ளூர்ச் சேவை மையம் என்று எதையும் எதிர்பார்க்காமல் வாங்குபவருக்கு, இந்தப் பொருத்தம்தான் உண்மையான சேவை.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது பட்டறைக்குள் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. கீழ்த்தட்டில் இருந்த இரண்டு சக்குகளும் மூழ்கின. தண்ணீர் வடிந்ததும் இரண்டையும் முழுவதுமாகப் பிரித்தேன். மலிவுச் சக்கின் உள்ளே, ஜாவை நகர்த்தும் சுருள் தட்டின் பின்முகம் கடைசல் உளியின் வரிகளோடு கரடுமுரடாக விடப்பட்டிருந்தது. அந்த வரிகளில் துரு ஆழமாக இறங்கியிருந்தது. நோவாவின் சுருள் தட்டில் மேலாகப் படிந்த துரு மண்ணெண்ணெயிலும் பித்தளைப் பிரஷ்ஷிலும் போய்விட்டது. வெளியே தெரியாத முகங்களுக்கும் உழைப்பைச் செலவிட்டிருக்கிறார்களா என்பது பிரித்துப் பார்த்தால்தான் தெரிகிறது. மறுபடி கோக்கும்போது ஜாக்களின் கீழுள்ள சறுக்குத் துண்டுகளை 1, 2, 3, 4 என்ற எண் வரிசைப்படியே ஏற்ற வேண்டும். கிரீஸ் தடவக் கூடாது, மரத்தூளைப் பிடித்துப் பசையாக்கிவிடும். உலர்ந்த மெழுகு போதும். வெள்ளம் வராத ஆண்டுகளிலும் இங்கே கடற்காற்று சும்மா விடாது. திருவொற்றியூர், ராயபுரம் பக்கம் பட்டறை வைத்திருப்பவர்களுக்கு இதைச் சொல்லவே தேவையில்லை.

இவற்றைவிட உயர்ந்த சக்குகளும் உண்டு. ஆஸ்திரேலியாவின் விக்மார்க் விஎம்120ஐ வில்லிவாக்கத்து நண்பர் ஒருவரின் பட்டறையில் பயன்படுத்திப் பார்த்திருக்கிறேன். சாவியைத் திருப்பும்போது கையில் உணரும் அந்த வழுக்கலே வேறு. கனடாவின் ஒன்வே சக்குகளின் வரிவெட்டு ஜாக்களுக்குச் சரிவில்லாத நேரான கழுந்து வேண்டும், ஆகவே ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறினால் நம் பழக்கத்தையும் மாற்ற வேண்டியிருக்கும். ஓர் அடிக்கு மேற்பட்ட விட்டமுள்ள கிண்ணங்களைத் தினமும் கடைபவருக்கு இவை தகும். சிறு வேலைக்கு அந்த எடை லேத்தின் பேரிங்குக்குத்தான் சுமை.

பணக் கணக்கைத் திறந்தே சொல்கிறேன். நோவாவின் பட்டியல் விலையோடு அனுப்பும் செலவு, சுங்க வரி, 18 விழுக்காடு ஜிஎஸ்டி எல்லாம் சேர்ந்தபோது ரூ. 28,000ஐத் தொட்டது, பட்டியல் விலையை மட்டும் பார்த்துத் திட்டமிடுபவர் கூரியர்காரர் நீட்டும் ரசீதைப் பார்த்துத் திகைப்பார். கூடுதல் ஜா ஒரு தொகுதிக்கு ஐயாயிரத்துக்கு மேல். மலிவுச் சக்கில் ரூ. 9,000க்குப் பிறகு திருகு மாற்றிய சில்லறைதான். கிண்ணம் மட்டும் கடைந்து பழகுபவர், கையில் அரமும் பொறுமையும் இருந்தால், மலிவுச் சக்கிலேயே தொடங்கலாம். ஆனால் அதோடு வரும் ஜாக்களே அதன் ஆயுள் முழுவதற்கும் என்று எண்ணிக்கொண்டு வாங்க வேண்டும். மறுபிடி தேவைப்படும் டப்பா, மூடி, காய் போன்ற வேலைகளைக் காசுக்குச் செய்பவர் முதல் நாளே நடுத்தர விலைச் சக்குக்குப் போவது நல்லது.

மலிவுச் சக்கை நான் விற்கவில்லை. ஜாவை மாற்றுவது எட்டுத் திருகுகளைக் கழற்றி மாட்டும் சலிப்பான வேலை என்பதால், இரண்டாவது உடல் ஒன்று இருப்பது வசதி. அதில் கிண்ணத்தின் விளிம்பைப் பிடித்து அடிப்பகுதியை முடிக்கும் அகன்ற பலகை ஜாக்களைத் துளை மாற்றிப் போட்டு நிரந்தரமாக மாட்டிவைத்திருக்கிறேன். மெதுவான வேகத்தில், ரப்பர் முளைகளின் நடுவே செய்யும் அந்த வேலைக்குக் கால் மில்லிமீட்டர் ஆட்டம் ஒன்றும் கெடுதல் செய்யவில்லை.