மஞ்சள் கரிசாலையா, அழகுக்கொடியா?

நர்சரியில் "மஞ்சள் கரிசலாங்கண்ணி" (மஞ்சள் கரிசாலை) என்று கேட்டால் பல இடங்களில் கைக்கு வருவது அமெரிக்க வெடேலியா என்ற அழகுக்கொடி. இரண்டுமே சூரியகாந்திக் குடும்பம், இரண்டிலும் மஞ்சள் பூ. பூவைப் பார்த்து வாங்கினால் ஏமாறுவது உறுதி, இலையைப் பாருங்கள்.

வெடேலியா இலை தடிப்பாக, பளபளவென்று இருக்கும்; நுனிப்பக்கம் இருபுறமும் ஒவ்வொரு பல் துருத்தி, மூன்று மடலாகத் தெரியும். கரிசாலை இலை குறுகி நீண்டது, மடல் கிடையாது. விரலால் தடவினால் சொரசொரவென்று இருக்கும்.

வளர்ப்பதில் வெடேலியாவுக்குச் சிரமமே இல்லை, அதுதான் சிக்கலும். தரையைத் தொடும் கணுவெல்லாம் வேர்விடும். உலகின் மிக மோசமான 100 ஆக்கிரமிப்பு உயிரினங்கள் பட்டியலில் அதற்கு இடமுண்டு. வாய்க்கால் ஓரத்தில் நடவே கூடாது, தொட்டியோடு நிறுத்துங்கள். களைந்த தண்டைக் குப்பைமேட்டில் வீசினால் அங்கேயும் துளிர்க்கும்.

கரிசாலைக்கு ஈரம் வேண்டும், தேங்கிய நீர் ஆகாது. மூன்று கணுக்கள் உள்ள 10–15 செ.மீ. தண்டை வெட்டி, கீழ் இரண்டு கணுக்களின் இலையைக் கிள்ளிவிட்டு, அவை மண்ணுக்குள் போகும்படி படுக்கைவாட்டில் சாய்த்து நடுங்கள். செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒன்று, மட்கிய தொழுவுரம் ஒன்று. இரண்டு வாரம் நிழல், பிறகு காலை வெயில். நிழலிலேயே விட்டால் தண்டு நீளும், பூ குறையும். அடித்தண்டு கறுத்தால் தண்ணீர் அதிகம் என்று அர்த்தம்.

கீரைக்கென்றால் கரிசாலை மட்டுமே. இலையில் சந்தேகம் இருந்தால் சட்டியில் போடாதீர்கள்.