அபராதமா, சாவித் தாம்பாளமா?

உசிலம்பட்டிப் பக்கம் குலசாமிக்குக் கிடாவெட்டு என்றால் மதுரையிலிருந்து நாலைந்து காரில் கிளம்புவோம். திரும்பும்போதுதான் வயிற்றில் புளியைக் கரைக்கும்: குடித்துவிட்டு ஓட்டுவார்கள், சீட் பெல்ட்டும் போட மாட்டார்கள். இதைத் தடுக்க இரண்டு வழி.

ஒரு வழி, போலீஸ் சோதனை. 2019 மோட்டார் வாகனச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு சீட் பெல்ட் போடாவிட்டால் அபராதம் 1,000 ரூபாய். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் முதல் தடவையே 10,000 ரூபாய், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். இந்தப் பயம் வேலை செய்கிறது, சரி. ஆனால் சோதனை நடக்கும் இடம் வரைக்கும்தான். என் மைத்துனர் பெல்ட்டை முதுகுக்குப் பின்னால் மாட்டி பீப் சத்தத்தை அடக்கிவிடுவார். தூரத்தில் போலீஸ் தெரிந்தால்தான் எடுத்து ஒழுங்காகப் போடுவார்.

இன்னொரு வழி, பங்காளிகளே பார்த்துக்கொள்வது. போன கிடாவெட்டில் பெரியப்பா பந்தலில் ஒரு தாம்பாளத்தை வைத்து, "சாவியைப் போட்டுட்டுப் பந்திக்குப் போங்கப்பா" என்றார். மைத்துனரும் மறுபேச்சில்லாமல் போட்டார். குடிக்காத தம்பிகள் ஓட்டினார்கள். அப்புறம் பின்சீட்டு அத்தை, "எனக்கு எதுக்குடா பெல்ட்டு?" என்றார். பின்னால் இருப்பவருக்கும் சட்டப்படி கட்டாயம், மோதினால் முன்சீட்டில் போய் விழுவீங்க அத்தை என்று சொல்லி நானே மாட்டிவிட்டேன்.

நாற்கரச் சாலையில் சோதனை இருக்கட்டும். எனக்குத் தாம்பாளம்தான் முதலில்.