வீட்டு பீமில் விரிசல்: கட்டமைப்புப் பொறியாளரை அழைத்துச் சோதித்த அனுபவம்

கும்பகோணத்தில் எங்களுக்குப் பித்தளைப் பாத்திரக் கடை. அண்டா, தவலை, நாச்சியார்கோவில் குத்துவிளக்கு என்று சரக்கெல்லாம் கனம். கடையில் இடம் போதாமல், வீட்டு மாடிக் கூடத்தைக் கிடங்காக்கிவிடலாம் என்று போன வருடம் முடிவு செய்தோம். வீடு 1998-ல் அப்பா கட்டியது. ரேக்குக்கு அட்வான்ஸ் கொடுத்த வாரம், கீழ்க் கூடத்தில் வெள்ளையடிக்க வந்த பையன் மேலே காட்டி, "அண்ணே, பீம்ல கோடு கோடா வெடிச்சிருக்கு" என்றான்.

தெரிந்த மேஸ்திரி வந்து தட்டிப் பார்த்தார். "பூச்சு வெடிப்புதான் தம்பி, பட்டி பார்த்து அடிச்சுடலாம்" என்றார். இன்னொரு கான்ட்ராக்டர், பீம் போய்விட்டது, அடியில் இரும்பு கர்டர் கொடுக்க வேண்டும், மூன்று லட்சம் ஆகும் என்றார். ஒரே விரிசலுக்கு இரண்டு நேரெதிர் பதில். இரண்டு பேருமே டேப் வைத்து எதையும் அளக்கவில்லை. கட்டமைப்புப் பொறியாளர் என்று தனியாக இருக்கிறார்கள், இதற்கு அவர்களைத்தான் கூப்பிட வேண்டும் என்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. திருச்சியிலிருந்து ஒரு குழு வந்தது. இந்த வேலையைப் பல ஊர்களில் பலர் செய்கிறார்கள். அதனால் நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. காசு கொடுத்தால் என்னென்ன கிடைக்கும், எதைக் கேட்டு வாங்க வேண்டும் என்று மட்டும் எழுதுகிறேன்.

முதல் நாள் வந்த பொறியாளர் மேடம் பீமைத் தொடவே இல்லை. ஸ்டூலில் ஏறி நின்று அரை மணி நேரம் விரிசல்களைப் பார்த்து ஒரு தாளில் வரைந்துகொண்டார். கையில் கண்ணாடி மாதிரி ஒரு அட்டை. அதில் மயிரிழையிலிருந்து மெல்ல மெல்லத் தடித்துக்கொண்டே போகும் கறுப்புக் கோடுகள். விரிசலுக்குப் பக்கத்தில் அட்டையை வைத்து எந்தக் கோட்டோடு பொருந்துகிறது என்று பார்க்கிறார். நடுவில் இருந்த விரிசல்கள் 0.15 மி.மீ. செங்குத்தாக, அடியில் கொஞ்சம் அகலமாக, மேலே போகப் போக மெலிந்து, தளத்தைத் தொடும் முன்பே மறைந்துவிட்டன.

"சார், இது வர வேண்டிய விரிசல்" என்றார். எனக்குப் புரியவில்லை. அம்மாவிடம் பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சு ஒன்று கேட்டு வாங்கி, பக்கவாட்டில் பேனாவால் ஆறேழு கோடு போட்டு, இரண்டு முனையையும் பிடித்து வளைத்துக் காட்டினார். மேலே கோடுகள் நெருங்கின, அடியில் விலகின. பாரம் ஏறும்போது பீமின் மேற்பக்கம் நசுங்குகிறது, அடிப்பக்கம் இழுபடுகிறது. கான்கிரீட் நசுக்கலை நன்றாகத் தாங்கும். இழுவையில் அதன் பலம் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். அதனால் அடியில் முதலில் கான்கிரீட் விட்டுக்கொடுக்கும், பிறகு கம்பி அந்த இழுவையை வாங்கிக்கொள்ளும். கணக்குப் போடும்போதே, அடிப்பக்கக் கான்கிரீட் இழுவையில் எதையும் தாங்காது என்று வைத்துத்தான் போடுவார்களாம். கான்கிரீட் வேலைக்கான இந்திய விதிநூல் ஐ.எஸ். 456. அது பொதுவாக 0.3 மி.மீ. அகலம் வரை அனுமதிக்கிறது, ஈரம் படும் இடத்தில் 0.2. நடுவில் இருந்தவை அதற்குள்தான்.

அவர் பயந்து தேடியது வேறு விரிசலை. சுவரில் பீம் உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில் சாய்வாக, ஏறக்குறைய 45 டிகிரியில் ஏறும் விரிசல். அது வெட்டு விசையால், அதாவது பீமைக் குறுக்கே அறுக்கப் பார்க்கும் விசையால் வருவது. அதைத் தடுப்பது அடிக்கம்பி இல்லை, நீளக் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் வளையமான ரிங். நடு விரிசல் நாள்பட மெல்ல வளர்ந்து எச்சரிக்கை கொடுக்கும், சாய்வு விரிசல் அந்த அவகாசத்தைத் தராது என்று சொல்லிக்கொண்டே இரண்டு முனையிலும் டார்ச் அடித்துப் பார்த்தார். சாய்வு விரிசல் இல்லை. ஆனால் கிழக்கு முனையில், பீமின் அடி மூலையை ஒட்டி நீளவாக்கில் மூன்று அடிக்கு ஒரு விரிசல், நடுவே துருக் கறை. இருந்ததிலேயே கவலைப்பட வேண்டியது அதுதான் என்றார். மேஸ்திரியும் கான்ட்ராக்டரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இரண்டாவது வருகை கருவிகளோடு. கம்பி இருக்கும் இடத்தைக் காட்டும் ஸ்கேனரை பீமின் மேல் உருட்டினார்கள். அடியில் 16 மி.மீ. கம்பி மூன்று. ரிங் 6 மி.மீ., பத்து அங்குலத்துக்கு ஒன்று, முனையிலும் அதே இடைவெளி. முனையில் இன்னும் நெருக்கிக் கட்டியிருக்கலாம் என்றார். சுத்தியல் சோதனையிலும் ஒலி அலைச் சோதனையிலும் கான்கிரீட் எம்15 தரம் என்று கணித்தார்கள். எம்-க்குப் பின்னால் வரும் எண் கூடக் கூட கான்கிரீட்டின் பலம் கூடுதல். அந்தக் காலத்து வீடுகளில் அது சாதாரணம். 2000-ல் வந்த ஐ.எஸ். 456 திருத்தத்தில்தான் கம்பி போட்ட கான்கிரீட்டுக்குக் குறைந்தபட்சம் எம்20 என்று ஆனது. சுத்தியல் சோதனையை மட்டும் நம்பக் கூடாது, அதில் 25 சதவீதம் வரை ஏற்ற இறக்கம் வரலாம் என்று அவரே சொன்னது எனக்குப் பிடித்தது.

துருப் பிடித்த மூலையில் கொஞ்சம் கொத்திவிட்டு ஃபீனால்ஃப்தலீன் என்ற திரவத்தைத் தெளித்தார்கள். நல்ல கான்கிரீட் பளிச்சென்று ரோஸ் நிறமானது. மூலையில் கம்பியைச் சுற்றி ஒரு திட்டு மட்டும் சாம்பலாகவே நின்றது. அங்கே கான்கிரீட்டின் காரத்தன்மை போய்விட்டது, துருவைத் தடுக்கும் கவசம் இல்லை என்று அர்த்தம். கவரும், அதாவது கம்பியை மூடியிருக்கும் கான்கிரீட்டின் கனமும், அங்கே 12 மி.மீ. தான் இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் குளியலறை, அதன் ஈரம் இத்தனை வருடமாக இங்கே இறங்கியிருக்கிறது. துரு, தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைப்பதால், உள்ளிருந்து கான்கிரீட்டைப் பிளந்திருக்கிறது. கம்பியைச் சுரண்டி வெர்னியர் வைத்து அளந்தார், 15.2 மி.மீ. உலோகம் விற்கிறவன் நான், வெர்னியரை எடுத்ததும் எனக்கு அவர்மேல் நம்பிக்கை வந்துவிட்டது. முனையில் வளைவு விசை குறைவு, அதனால் இந்தத் தேய்மானம் நடுவில் வந்திருந்தால் ஏற்படும் அளவுக்கு ஆபத்து இல்லை, ஆனால் கம்பி கான்கிரீட்டைப் பிடித்து நிற்கும் இடமே முனைதான், விடக் கூடாது என்றார்.

அப்புறம் கணக்கு. இதைத்தான் எல்லோரும் உட்கார்ந்து கேட்டு வாங்க வேண்டும் என்று சொல்வேன். என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துப் போட்டார். பீம் 15 அடி நீளம், தளத்தோடு சேர்த்து 18 அங்குல ஆழம், 9 அங்குல அகலம். இரண்டு பக்கமும் சேர்த்து 3 மீட்டர் அகலத் தளம் இதன்மேல் உட்கார்ந்திருக்கிறது. 5 அங்குலத் தளம், டைல்ஸ், பீமின் சொந்த எடை எல்லாம் சேர்த்து பீமின் ஒரு மீட்டர் நீளத்துக்கு 14.25 கிலோநியூட்டன் (ஒரு கிலோநியூட்டன் ஏறக்குறைய 100 கிலோ எடை). வீட்டுப் புழக்கத்துக்குச் சதுர மீட்டருக்கு 200 கிலோ என்று எடுப்பார்கள், அது மீட்டருக்கு 6. மொத்தம் 20.25. பாதுகாப்புக்கு ஒன்றரை மடங்காக்கினால் 30.4. இதை நீளத்தின் வர்க்கத்தால் பெருக்கி 8-ஆல் வகுத்தால் நடுவில் வரும் வளைவு விசை: 79 கிலோநியூட்டன் மீட்டர். மூன்று கம்பியும் இந்த ஆழமும் சேர்ந்து தாங்கக்கூடியது 87. வீடாக இருக்கும்வரை சரி.

கடை என்றால் 200 கிலோ 400 ஆகிறது. அப்போது அதே கணக்கில் 103 வருகிறது. 87-ஐத் தாண்டிவிட்டது. நான் வாங்க இருந்த ரேக் மூன்றுக்கு மூன்று அடி. அதில் அடுக்கும் பித்தளை 550 கிலோ என்று என் கணக்கில் இருந்தது. சதுர மீட்டருக்குப் பார்த்தால் 650 கிலோவுக்கு மேல். தாளைப் பார்த்துக்கொண்டு நான் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அந்த பீமுக்கு நேர் கீழேதான் அம்மாவின் கட்டில்.

நீளத்தை வர்க்கமாக்குவதைக் கவனியுங்கள். கூடம் 20 அடியாக இருந்திருந்தால், அதே பாரத்துக்கு விசை முக்கால் மடங்குக்கு மேல் கூடியிருக்கும். தூண் இல்லாத பெரிய ஹால் வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும்.

கிடங்கு யோசனையைக் கைவிட்டோம். குளியலறைக் கசிவை அடைத்து, துருக் கம்பியைச் சுத்தம் செய்து, பாலிமர் மோர்ட்டார் பூசினார்கள். பிறகு, வீடாகவே இருந்தாலும் மனசு நிற்க வேண்டும் என்று பாரச் சோதனையும் கேட்டேன். புழக்கப் பாரத்தின் 1.25 மடங்கை 24 மணி நேரம் ஏற்றி வைக்க வேண்டும். எங்கள் கூடத்துக்கு ஏறக்குறைய ஏழு டன். நாற்பது கிலோ மணல் மூட்டை 175. ஆறு பேர் காலை ஏழு மணிக்குத் தொடங்கி, கால் கால் பங்காக ஏற்றினார்கள். மூட்டைகளை ஒட்டி அடுக்கவில்லை, நடுவே சந்து விட்டார்கள். ஒட்டியிருந்தால் மூட்டைகளே ஒன்றையொன்று தாங்கிக்கொண்டு, பாரம் பீமின்மேல் சரியாக இறங்காதாம். கீழே பீமுக்கு அடியில் ஜாக்கி முட்டு கொடுத்து, பீமைத் தொடாமல் கொஞ்சம் இடைவெளி விட்டிருந்தார்கள்.

நடுவில், பீம் எவ்வளவு தொய்கிறது என்று காட்டும் டயல் கேஜ். அதன் முள் மி.மீ.யில் நூறில் ஒரு பங்கு வரை காட்டும். ஒவ்வொரு வரிசை மூட்டைக்கும் முள் துளி நகர்வதை நானும் அம்மாவும் வாசலில் நின்று பார்த்தோம். மறுநாள் காலை 1.30 மி.மீ. விதிப்படி எல்லை, மீட்டரில் உள்ள நீளத்தின் வர்க்கத்தை 40-ஆல் பெருக்கி, மி.மீ.யில் உள்ள ஆழத்தால் வகுத்தால் வருவது. எங்களுக்கு 1.83. அதற்குள் இருந்தால் பாரம் இறக்கிய பின் பீம் எவ்வளவு மீள்கிறது என்று பார்க்கத் தேவையே இல்லையாம். ஆனாலும் பார்த்தார்கள். 1.30-ல் 1.10 திரும்பி வந்துவிட்டது.

குறைகளும் உண்டு. பத்து நாளில் அறிக்கை என்றவர்கள் இருபத்து நான்காம் நாள்தான் கொடுத்தார்கள். 22 பக்கமும் ஆங்கிலம். வீட்டுக்காரருக்கு ஒரு பக்கமாவது தமிழில் எழுதித் தர வேண்டும். கொத்திய ஏழு இடங்களில் இரண்டைப் பூசாமல் விட்டுப் போய்விட்டார்கள், நான் போன் செய்து வரவழைத்தேன். மணல் மூட்டைக்கும் ஆட்களுக்கும் தனிக் காசு என்று முன்கூட்டியே சொல்லவில்லை. சோதனைகளுக்கும் கணக்குக்கும் 38,000, பாரச் சோதனைக்கு எல்லாம் சேர்த்து 46,000. பழுது பார்த்தது தனி. பாரச் சோதனை எல்லா வீட்டுக்கும் தேவையில்லை என்று அவர்களே சொல்வார்கள். முதல் இரண்டு வருகைக்கு ஆகும் காசை மட்டும் யாரும் மிச்சம் பிடிக்க வேண்டாம். ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் கொடுக்கிறேன், குறைத்த ஒன்று அறிக்கைக்காக.

கடைசி நாள் மேடம் ஒவ்வொரு விரிசலின் மேல்முனையிலும் பென்சிலால் குறுக்கே ஒரு கோடு போட்டுத் தேதி எழுதினார். அந்தக் கண்ணாடி அட்டையையும் கொடுத்துவிட்டு, "வருஷம் ரெண்டு தடவை பாருங்க சார், கோட்டைத் தாண்டினா கூப்பிடுங்க" என்றார். பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது அந்த இடத்தை மட்டும் விடச் சொல்லிவிட்டு, ஏறிப் பார்த்தேன். ஒன்றும் தாண்டவில்லை. அகலமும் அதே 0.15.